வெட்டிய காது செல்லும்!

அனுப்புநர்:
காது வெட்டுப்பட்ட நாய்,
வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம், திருச்சி.

பெறுநர்:
மத்திய மீன்வளம், கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை அமைச்சகம், புது தில்லி.

பொருள்: சட்டம் மாறியும் காது மாறாதது – தொடர்பாக.

ஐயா,

2022இல் என்னைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் ஒரு துண்டு வெட்டி, பிடித்த தெருவிலேயே இறக்கிவிட்டார்கள். எல்லாம் 2001ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகளின்படி. 2023 மார்ச் 10 அன்று தாங்கள் அவற்றை நீக்கிப் புது விதிகள் வெளியிட்டீர்கள். "விதியே போச்சே, காதை ஒட்டித் தருவாங்களா?" என்று சித்திரை வீதி நாய்கள் கேட்டன. முகப்புரையைப் படித்துக் காட்டினேன். பழைய விதிகளின்கீழ் செய்தவையும் செய்யாமல் விட்டவையும் நீங்கலாகத்தான் நீக்கமாம். ஆக, காது செல்லும். செய்யாமல் விட்டதையும் மறக்காமல் குறித்த நேர்மைக்கு நன்றி.

ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மாநிலத்திலும் மாற்றம். 1994ஆம் ஆண்டின் திருச்சி மாநகராட்சிச் சட்டம் விடைபெற்றது. 1998இல் இயற்றிக் கிடப்பில் போட்டிருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், திருத்தங்களோடு ஏப்ரல் 13இல் எழுந்து உட்கார்ந்தது. மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிட்டதற்கு நோட்டீஸ் வாங்கிய ஒருவர் டீக்கடையில் குதித்தார்: "நோட்டீஸ் குடுத்த சட்டமே செத்துப்போச்சு, இனி யாரு கேப்பா?"

பெஞ்சுக்கடியில் கிடந்த எனக்குச் சிரிப்பு. பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்யாமல் எந்தச் சட்டமும் கண்மூடுவதில்லை. சட்டத்தை நீக்கினாலும் அதன்கீழ் முறைப்படி செய்தது நிற்கும், ஏற்பட்ட பொறுப்பும் நிற்கும் என்று 1891இலேயே பொது உட்பிரிவுகள் சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். நியாயம்தான். இல்லாவிட்டால் சட்டம் மாறும்போதெல்லாம் ஊர் மாடுகளுக்கெல்லாம் புது நோட்டீஸ் அடிக்க வேண்டும். என் காதிலும் இன்னொரு துண்டு போகும்.

ஆனால் ஐயா, நோட்டீஸைக் காப்பாற்றும் வாசகம் ஊசியைக் காப்பாற்றவில்லை. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். எனக்கு 2022இல் போட்டது 2023லேயே காலாவதி. காதோ இன்னும் சான்றிதழாகத் தொங்குகிறது. அதைப் பார்த்து, "ஊசி போட்ட நாய்தான்" என்று அம்மா மண்டபத்தில் குழந்தைகளை என் பக்கம் விடுகிறார்கள்.

எனவே, ஒருமுறை போட்ட ஊசி எத்தனை ஆண்டு கழிந்தாலும் செல்லும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், ஆண்டுக்கொரு முறை ஊசியோடு ஆள் அனுப்பவும். குரைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
(முன்னங்கால் ரேகை)

நகல்: ரேபிஸ் வைரஸ் – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கை எடுக்காமல் இருப்பதற்காகவும்.