நெய்தல் திணையில் டயப்பரின் இடம்: ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

இருபது மாதம் நிரம்பிய ஆண்பிள்ளை ஒருவனை மூன்று நாள் விடுமுறைக்கு எந்தக் கடற்கரைக்குக் கூட்டிப்போவது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். திருச்சி உறையூரில், மாடி வாடகை வீடொன்றில், இரவு ஒன்பதரை மணிக்குப் பிள்ளை தூங்கியபின் இச்சிக்கல் தோன்றியது. பிள்ளை தூங்கவில்லை என்பது ஒன்பதே முக்காலுக்குத் தெரியவந்தது.

முறைப்படி முதலில் சொல்லாராய்ச்சி. ‘கடற்கரை’ என்பது கடல் + கரை எனப் பிரியும். லகரம் றகரமாய்த் திரிந்தது. முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கவேண்டும். எனக்குப் பட்டம் வேண்டாம். விடுப்பு மூன்று நாள்தான்.

அடுத்தது ஆய்வெல்லை. தமிழகக் கடற்கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் பிள்ளை மணலை அள்ளி வாயில் போட முடியாத இடம் ஒரு முழம்கூடத் தேறாது. ஆகவே எல்லையைச் சுருக்கும் வேலையைக் கையிருப்பிடமும் ரயில் டிக்கெட்டிடமும் விட்டேன்.

2. முன்னோர் கருத்து

நெய்தல் பற்றித் தொல்காப்பியம் சொல்வன நான்கு: இடம் கடல் சார்ந்தது, தெய்வம் வருணன், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல்.

எற்பாடு என்றால் பொழுது சாயும் நேரம். எல் என்பது சூரியன். பாடு என்பது படுதல். இன்று நாம் வழங்கும் ‘ஏற்பாடு’ வேறு சொல் என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் பிள்ளையோடு புறப்பட்டவர்கள் அல்லர். சுடுதண்ணீர் பிளாஸ்க், ரசஞ்சாதம், மாற்றுச் சட்டை நான்கு, துண்டு இரண்டு, காய்ச்சல் மருந்து, வசம்பு, டயப்பர் ஒரு கட்டு என்று காலையில் ஏற்பாடு தொடங்கினால் எற்பாட்டில்தான் முடியும். எகரக் குறில் நெடிலாய் நீண்டதற்கு இதுவே காரணம் (என் மனைவி, பை அடுக்கும்போது, கடைசிப் பையின் மீது உட்கார்ந்தபடி).

இரங்கல் என்பது கரையில் நின்று வருந்துவது. பிரிந்துபோன தலைவனை எண்ணித் தலைவி வருந்துவதாகவே இதுவரை பொருள் கொண்டிருக்கிறார்கள். அதற்கு உரை எழுதிய இளம்பூரணரோ நச்சினார்க்கினியரோ, ஒரு பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, “போதும், வா” என்று கரையில் நிறுத்திப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் தலைவியை விட்டிருப்பார்கள்.

இனிப் பிள்ளைத்தமிழ். மூன்றாம் மாதம் காப்புப் பருவத்தில் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பத்துப் பருவம். இருபத்தோராம் மாதம் சிறுதேரோடு முடியும். எங்கள் பிள்ளை சிறுபறைக்கும் சிறுதேருக்கும் நடுவில் நிற்கிறான். சிறுபறைப் பருவம் முடிந்துவிட்டது என்பதைக் கீழ்வீட்டுக்காரர் ஏற்கவில்லை (வாய்மொழி, மாடிப்படி ஏழாம் படி, இரவு 10.10, கையில் எங்கள் எவர்சில்வர் கரண்டியுடன், அது ஜன்னல் வழியாக அவருக்குக் கிடைத்த முதன்மைச் சான்று). சிற்றில் பருவத்தில், மணலில் கட்டிய எங்கள் வீட்டை மிதிக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவார்கள். மணலைத் தின்னாதே என்று பெற்றோர் கெஞ்சும் பருவம் ஒன்றைப் பதினோராவதாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

3. கடற்கரைகளின் வகைப்பாடு

மெரினா: ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாச்சாலை அமைத்துப் பெயரும் வைத்தார். துறைமுகம் கட்டியபின் அதன் தென்புறம் மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றுபோயிற்று. ஆகவே சாலையில் இறங்கியதிலிருந்து தண்ணீர் வரைக்கும் பிள்ளையைத் தூக்கவேண்டும். பதினொரு கிலோ. தள்ளுபடி.

மாமல்லபுரம்: அங்குள்ள உருண்டைப் பாறைக்குக் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து என்று பெயர் வைத்தவர், வெண்ணெய் கேட்டு அழும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கவில்லை.

புதுச்சேரி: சாலை அழகு. சாலைக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல்.

திருச்செந்தூர்: மொட்டை ஏற்கெனவே போட்டாயிற்று.

கன்னியாகுமரி: சூரியன் கடலில் எழுவதையும் கடலில் விழுவதையும் ஒரே ஊரில் காணலாம். இரண்டு நேரமும் பிள்ளை தூங்கும். வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. பிள்ளையின் கண் கரையில் விற்கும் பஞ்சுமிட்டாயில்தான் இருக்கும்.

தனுஷ்கோடி: ஒருபுறம் அலை அடங்கிய கடலைப் பெண் கடல் என்றும், மறுபுறம் அடித்து மோதும் கடலை ஆண் கடல் என்றும் ராமேசுவரத்துக்காரர்கள் சொல்வார்கள். இவ்வகைப்பாட்டை என் மனைவி மறுத்தார் (‘அடங்கியிருக்கிறதாம்!’, கடுங்குறிப்பு, திருத்திய ஐந்தாம் பதிப்பு, முதற்பதிப்பு எங்கள் நிச்சயதார்த்தத்தில் வெளிவந்தது, விரிவான பதிப்பு சமையலறையில் கிடைக்கும், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகவும்). 1964 புயல் அழித்த ஊர் அது. டயப்பர் தீர்ந்தால் அவசரத்துக்கு ஓடக் கடைத்தெரு கிடையாது.

பூம்புகார்: இதற்குத் தனி இயல் தேவை.

4. பூம்புகார், அல்லது மணிமேகலையை யார் பார்த்துக்கொண்டார்கள்

ஓர் ஆணும் பெண்ணும் கடற்கரைக்குப் போனதற்குத் தமிழில் இதைவிடப் புகழ்பெற்ற சான்று இல்லை. சிலப்பதிகாரத்தில், இந்திர விழா முடிந்த கையோடு கோவலனும் மாதவியும் கடலாடப் போகிறார்கள். அவன் கோவேறு கழுதை மீது. அவள் வண்டியில் (‘தனித்தனியா போனபோதே தெரிஞ்சிருக்கணும்’, என் மனைவி, மேற்படி நூல், பின்னிணைப்பு). கரையில் யாழ் கைமாறுகிறது. அவன் பாடுகிறான், வேறு யாரையோ நினைத்துப் பாடுகிறான் என்று அவள் எண்ணுகிறாள். அவளும் அப்படியே பாடிவைக்கிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். அங்கிருந்து போனவன் மதுரையில் கொலையுண்டான், மதுரை எரிந்தது. ஒரு கடற்கரைச் சுற்றுலாவின் செலவுக் கணக்கு இவ்வளவு தூரம் போன வரலாறு வேறில்லை.

இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு முன்பே அவர்கள் மகள் மணிமேகலை பிறந்தாயிற்று. பெயர்சூட்டு விழாவும் நடந்து, கோவலன் பொன்னை வாரிக் கொடுத்ததாகக் காப்பியமே பின்னால் சொல்கிறது. அப்படியானால் கடற்கரையில் பிள்ளை எங்கே? இரவில் கரையோரம் எரிந்த விளக்குகளை இளங்கோ ஒன்றுவிடாமல் சொல்கிறார்: மோதகம் விற்றவர் விளக்கு, அப்பம் விற்றவர் விளக்கு, மீன் விற்றவர் விளக்கு. பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கொள்கைகள் மூன்று.

அ) பிள்ளையும் வந்தது, தூங்கிவிட்டது. இது நிற்காது. தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யாழை எடுக்க எந்தத் தாயும் விடமாட்டாள். பிரஷர் குக்கருக்கே விசிலைத் தூக்கிவிடுகிறோம்.

ஆ) தோழி வசந்தமாலை பார்த்துக்கொண்டாள். இதுவும் நிற்காது. மாதவி யாழை வாங்கியதே வசந்தமாலை கையிலிருந்துதான். ஒரு கையில் யாழும் ஒரு கையில் பிள்ளையும் வைத்திருந்தால் யாழின் நரம்பு ஒன்றாவது மிஞ்சியிருக்குமா?

இ) பாட்டி சித்திராபதி வீட்டில் வைத்துக்கொண்டாள். இதுவே என் துணிபு. இதற்கு வலுவான சான்று என் மாமியார் (மாயவரம், தொலைபேசி உரை, ஞாயிறு காலை, முதல் ஈடு இட்லி வெந்து இரண்டாம் ஈடு ஊற்றும் இடைவெளியில், உரையின் நடுப்பகுதி ஆவியில் சிதைந்துள்ளது, கிடைத்த பாடம்: “பின்னே? பாட்டிதான் பாத்திருப்பா. வேற யாரு பாப்பா, மாப்பிள்ளை?”).

அவர்கள் கரையில் பாடிய கானல்வரியின் யாழுக்கு எத்தனை நரம்பு, பாடியது எந்தப் பண் என்றெல்லாம் அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட கட்டுரை மட்டும் என் கண்ணில் படவில்லை. காரணம் எளிது. அவற்றை எழுதிய மாலைகளில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலின் முன்பக்கம் புரட்டினால் நெறியாளருக்கும் துறைத்தலைவருக்கும் நூலகருக்கும் அச்சகத்தாருக்கும் நன்றி இருக்கும். கடைசியில் ‘இல்லத்தாருக்கு’ என்று ஒரு சொல், பெயரில்லாமல்.

இம்முன்மாதிரி சரியில்லை என்பதால் பூம்புகாரும் தள்ளுபடி.

5. கள ஆய்வு

சித்திராபதிக் கொள்கையின்படி மாயவரத்தை மையமாக வைத்து வட்டம் வரைந்ததில் தரங்கம்பாடி கிடைத்தது. தரங்கம் என்றால் அலை. டேனிஷ்காரர்கள் 1620இல் வந்து கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பாதிரியார் சீகன்பால்கு 1706இல் இங்கே கப்பலிலிருந்து இறங்கினார். தமிழில் அச்சடித்த புதிய ஏற்பாடு 1715இல் இவ்வூர் அச்சகத்தில் வெளியானது. (ஏற்பாடு: மேலே இயல் 2 காண்க.) கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. பிள்ளைக்கு இவற்றில் எதிலும் ஈடுபாடு இல்லை. கோட்டை வாசலில் படுத்திருந்த நாயிடம் இருபது நிமிடம் இருந்தது.

தண்ணீரைத் தொட்டதும் டயப்பர் ஆய்வு தொடங்கியது. அதன் உள்ளே இருக்கும் பொடி நன்னீரைத் தன் எடையைப்போலப் பலநூறு மடங்கு உறிஞ்சும். உப்புத்தண்ணீரில் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிடும். அறிவியல் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறது. எனினும் கடல் பெரிது. மூன்றாவது அலையில் டயப்பர் பலாப்பழம்போல் கனத்து முழங்காலுக்கு இறங்கியது. நான்காவதில் பிள்ளை அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் திணை மரபுப்படி நின்றான்.

பிறகு வாயில் எதையோ மென்றான். கண்ணன் மண் தின்றபோது யசோதை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், அண்டமெல்லாம் தெரிந்ததாம். நானும் தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தேன். மேலண்ணத்தில் ஈர மணல், இடது கன்னத்தில் பாதி முறுக்கு, நாக்கு நுனியில் சுண்டுவிரல் நகம் அளவு கிளிஞ்சல் ஒன்று.

6. முடிபு

கடற்கரையைத் தேர்ந்தெடுப்பதில் அலை, ஆழம், மணலின் நிறம், அறையிலிருந்து கடல் தெரிவது ஆகியவை துணைக் காரணிகளே. முதற்காரணி ஒன்றுதான்: பிள்ளையைப் பிடித்துக்கொள்ள யார் கூட வருகிறார்கள் என்பது. பாட்டி வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கடற்கரையே நல்ல கடற்கரை.

இந்த முடிபை நிறுவிவிட்டு நானும் என் மனைவியும் அலையில் இறங்கத் திரும்பினோம். பிள்ளை மணலில் தனியாக உட்கார்ந்திருந்தான். கூட வந்த மாமியார் அதற்குள் முன்னே போயிருந்தார். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். அலை வந்து முழங்காலில் மோதியது; சிரித்தார். “அத்தை, தம்பியைக் கொஞ்சம்…” என்றேன்.

“நீங்க பாத்துக்குங்க மாப்பிள்ளை. மாயவரத்துலேயே இருந்து பேரு. நான் கடல்ல நின்னு முப்பது வருஷம் ஆச்சு.”

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டோம். எற்பாடு முடியும் வரை அவர் கரையேறவில்லை. சித்திராபதி ஒருநாளாவது கடலாடப் போனாளா என்பது பற்றிக் காப்பியத்தில் குறிப்பில்லை. அது மேலாய்வுக்கு உரியது.