கணக்குக்கு எந்தச் சமாதி?

நாட்டரசன்கோட்டையில் தமிழுக்குக் கவலையில்லை. கம்பர் சமாதி மண்ணைப் பிள்ளையின் நாக்கில் தடவினால் வந்துவிடும் என்பார்கள். கணக்குக்கு அப்படியொரு சமாதி இல்லை. அதனால் மடிக்கணினியில் டக்ஸ்மேத் ஏற்றினேன். இலவச விளையாட்டு. வானத்திலிருந்து 7 × 8 என்று எரிகல் விழும். 56 என்று தட்டினால் வெடிக்கும். தவறினால் பென்குயின் குடியிருக்கும் பனிவீடு காலி.

நாலாம் வகுப்புப் பையன் விடாமல் விளையாடினான். வாய்ப்பாட்டில் ஆசை வந்துவிட்டது என்று பூரித்தேன். ஆசை வந்தது வெடியின் மேல். சோற்றுத் தட்டின் முன் 7 × 8 கேட்டால், எரிகல்லைத் தேடி அண்ணாந்து பார்க்கிறான்.

வளவில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவன் அப்பத்தா இதையெல்லாம் பார்த்தார். காணி என்றால் 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று என்று விரல்கணுவிலேயே வட்டி போடுகிறவர். பேசாமல் பல்லாங்குழியை எடுத்து வந்தார். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை.

"மொத்தம் எத்தனைடா ராசா?"

"எழுபது."

கால்மணி நேரத்தில் ஒரு கூச்சல். "அறுபத்தொம்பதுதான் இருக்கு! அப்பத்தா, மடியைக் காட்டுங்க!"

கழித்தல் வந்துவிட்டது. பிடிபட்ட அப்பத்தா இப்போது, அந்த எரிகல் விளையாட்டே தேவலை என்கிறார்.