பாதி நாய், முழு நாய்

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் மணி முழுசாக இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. அக்கா சடங்குப் படத்தில் பந்தல்காலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வால். அப்பா புது சைக்கிளோடு நிற்கிற படத்தில் பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு கால். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தில், நாற்காலிக்கு அடியில் ரோஜா நிற மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு மூக்கும் ஒரு முன்னங்காலும். துண்டு துண்டாகத்தான் மணி எங்களிடம் மிஞ்சியிருக்கிறது.

இப்போது சென்னையில் எங்களோடு இருப்பது மிளகு. மகள் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி. உடம்பெல்லாம் கறுப்பு, மார்பில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை. மகளுடைய போனில் மிளகுக்கென்றே தனி ஆல்பம் இருக்கிறது. அதை யாரும் உட்கார்ந்து பிரிக்கவில்லை. 2017இலிருந்து கூகுள் போட்டோஸ் நாய், பூனை முகங்களையும் அடையாளம் கண்டு தானே சேர்த்து வைக்கிறது. மணிக்கு முழுசாக ஒரு படம் இல்லை. மிளகின் படங்களுக்குக் கணக்கே இல்லை. இந்த இரண்டு நாய்களுக்கும் இடையில் கேமராவில் எல்லாமே மாறிவிட்டது. ஆனால் வீட்டு நாயை நன்றாகப் படமெடுக்க அன்று என்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதுதான் இன்றும் தெரிந்திருக்க வேண்டும்: அந்த நாய் எங்கே படுக்கும், எதற்குத் திரும்பிப் பார்க்கும், எப்போது அதற்கு அலுத்துப்போகும்.

நான் வளர்ந்தது ராஜபாளையத்தில். சித்தப்பாவிடம் ஒரு ஆக்பா கிளிக் III இருந்தது. அந்தக் காலத்தில் நடுத்தர வீடுகளில் பரவலாக இருந்த பெட்டிக் கேமரா. 120 ரோல் போட்டால் 12 சதுரப் படங்கள் வரும். பிலிம் பெரும்பாலும் நம் ஊட்டியிலிருந்தே வந்தது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ பிலிம். ரோல் வாங்கினால் அது ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பொங்கலுக்கோ என்று முன்பே முடிவாகிவிடும். 12 படத்தில் யார் யார் என்பதை வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். “நாய்க்குப் போயி பிலிம் செலவழிப்பாங்களா?” என்று ஆச்சி கேட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை. மணியை யாரும் படத்துக்குக் கூப்பிட்டதில்லை. நாங்கள் கூடுகிற இடத்துக்கு அது தானாக வந்ததால்தான் அந்த வாலும் மூக்குமாவது பதிவாயின.

படம் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு இதில் வருத்தம் உண்டு. அவரும் ராஜபாளையம் நாய் வளர்த்தவர். ஒருநாள் எங்கள் நெகட்டிவ் சுருளை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார்.

“இங்க பாரு பாப்பா. வெள்ளை நாய் நெகட்டிவ்ல கறுப்பாத்தான் தெரியும், அது சரிதான். ஆனா இந்தக் கறுப்புக்குள்ள காது, கண்ணு, விலா எல்லாம் மெலிசாத் தனித்தனியாத் தெரியணும். உச்சி வெயில்ல எடுத்தா எல்லாம் ஒண்ணா அடைச்சுப் போயிரும். அப்புறம் நான் எத்தனை தடவை பிரிண்ட் போட்டாலும் அந்த இடத்துல வெறும் பேப்பர்தான் வரும்.”

“அப்போ எப்ப எடுக்கணும் அண்ணாச்சி?”

“வெயில் தாழட்டும். திண்ணை நிழல்ல, காரை பெயர்ந்த செங்கச் சுவரு பின்னாடி இருக்கிற மாதிரி. சாப்பிட்டுட்டுப் படுத்து, கண்ணை மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்கும் பாரு, அப்ப எடுக்கச் சொல்லு. உங்க சித்தப்பா கேமராவுக்கு ஓடுற நாயெல்லாம் சிக்காது.”

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அந்தக் கேமராவின் ஷட்டர் வேகம் மெதுவானது, அதைக் கூட்டவும் முடியாது. வால் ஆடினால் படத்தில் புகைதான் விழும். வெயிலா மேகமா என்று தள்ளிவைக்க ஒரு சின்ன நெம்பு உண்டு, அவ்வளவே. அதனால் வெளிச்சத்தைக் கேமராவுக்கு ஏற்ப நாம்தான் தேடிப்போக வேண்டும். வெள்ளை நாய்க்கு நிழலும், தன்னைவிட இருட்டான ஒரு சுவரும் வேண்டும். அந்த நாய் அந்த நேரத்தில் அந்தத் திண்ணையில் படுக்கும் என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இடம்பெற்றது. எங்கள் தெருவில் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஊர் நாய்க்கு ஒரு முழுப்படம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இன்றும் நாயைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுப்பதற்கு நல்ல காரணம் உண்டு. இறங்கிய மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், கீழே தொங்கி நுனியில் வளையும் வால் என்று அந்த உடலின் அமைப்பு பக்கவாட்டில்தான் தெரியும். நேரே நின்று எடுத்தால் குறுகலான ஒரு முகம்தான் கிடைக்கும்.

மணி வெள்ளை, மிளகு கறுப்பு. அண்ணாச்சி சொன்னதை அப்படியே தலைகீழாகப் போட்டால் மிளகுக்குச் சரியாக வருகிறது. கேமராவின் தானியங்கி மீட்டர், தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போடுகிறது. சட்டம் முழுக்க வெள்ளை நாய் இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து அதை அழுக்கு வெள்ளையாக்கும். கறுப்பு நாய் இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிச் சாயம் போன சாம்பலாக்கும். இன்றைய போன்கள் காட்சியை ஆராய்ந்து இதை ஓரளவு சரிசெய்கின்றன, முழுதாக அல்ல. திரையில் மிளகின் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் கறுப்பு கறுப்பாகவே வரும். வெள்ளை நாய் என்றால் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். ஆனால் முதுகில் நேர் வெயில் விழுந்தால் தள்ளக் கூடாது, அங்கே முடியின் நுணுக்கம் வெளிறிப்போய்விடும்.

கறுப்பு நாயின் உண்மையான சிக்கல் கண்தான். கறுப்பு முகத்தில் கறுங்கண் தனியாகத் தெரியாது. கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தால்தான் அங்கே பார்வை இருக்கிறது என்று படம் சொல்லும். எங்கள் அடுக்ககத்தில் காலை ஏழு மணிக்கு பால்கனிக் கதவைத் திறந்தால் வெயில் நேராக உள்ளே வருவதில்லை. எதிர்க் கட்டடச் சுவரில் பட்டு மென்மையாக வருகிறது. மிளகு அந்த வாசலில் தலை வைத்துப் படுத்து, கீழே பால்காரர் வண்டியைப் பார்க்கும். கண்ணில் அந்த வாசலின் வடிவமே சின்னச் சதுரமாக விழும். தரையில் பதித்திருக்கும் வெள்ளை டைல்ஸ் கீழிருந்து ஒரு வெளிச்சத்தைத் தாடைக்கு ஏற்றிவிடும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் முதுகு முடி பளபளத்து உடம்பின் வளைவுகள் எழும். இதற்கு மேல் ஒரு விளக்கும் தேவையில்லை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் பார்க்க அதற்கு உதவுவது அதுதான். ஃபிளாஷ் அடித்ததும் அந்தப் படலம் பச்சையும் மஞ்சளுமாகத் திருப்பி அடிக்கும், கண் இருந்த இடத்தில் விளக்குதான் மிஞ்சும்.

கீழே உட்கார வேண்டும் என்பதை மகள்தான் எனக்கு விடாமல் சொன்னாள். “அம்மா, நீ நின்னுக்கிட்டு எடுத்தா அவ தலையும் முதுகும்தான் வரும். முட்டி வலிச்சா தலையணை போட்டுக்கோ, ஆனா கீழ வா.” அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எலியட் எர்விட் என்ற புகைப்படக்காரர் வாழ்நாள் முழுவதும் நாய்களை எடுத்தவர். 2023இல் 95 வயதில் மறைந்தார். 1974இல் நியூயார்க்கில் அவர் எடுத்த ஒரு படம் உலகமறிந்தது. நடுவே பூட்ஸ் போட்ட பெண்ணின் கால்கள். ஒரு பக்கம் தொப்பி வைத்த சிறிய சிவாவா நாய். மறுபக்கம் உயரமான இரண்டு கால்கள். அவை கிரேட் டேன் நாயின் முன்னங்கால்கள் என்பது சற்றுப் பொறுத்துத்தான் பிடிபடும். கேமரா தரையோடு தரையாக இருந்ததால்தான் அந்தப் படமே உண்டானது. நாய் பார்க்கிற உயரத்தில் நம் வீடும் அப்படித்தான் இருக்கிறது: நாற்காலிக் கால்களும் சேலைக் கரைகளும் கதவிடுக்குகளுமாக. அந்த உயரத்துக்கு இறங்கினால் மிளகு நம்மை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

இறங்கியதும் முகத்தோடு போனை ஒட்டிவிடக் கூடாது. போனின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. ஒரு அடி தூரத்தில் வைத்தால் மூக்கு பெருத்துக் காது சுருங்கும். நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் முகம் உள்ளபடி வரும். ஓடும்போது எடுக்க வேண்டுமானால் நொடியில் 500இல் ஒரு பங்காவது ஷட்டர் வேகம் வேண்டும். அதற்கு வெளியில் நல்ல வெளிச்சம் வேண்டும். சித்தப்பாவின் கேமராவுக்குச் சிக்காத ஓட்டம் மகளின் போனுக்கு மொட்டை மாடியில் சிக்குகிறது. நான்கு காலும் தரையில் படாத அந்தக் கணத்தில் மிளகைப் பார்த்தபோது, மணி வயல் வரப்பில் இப்படித்தானே பறந்திருக்கும் என்று நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

கவனத்தை ஈர்க்கப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். எழுந்து நம்மிடமே வந்துவிடும். அது கேட்டிராத ஒரு சின்னச் சத்தம் போதும். எவர்சில்வர் மூடியை நகத்தால் ஒருமுறை சுண்டினால் காதைத் தூக்கித் தலையைச் சாய்க்கும். இரண்டாவது முறை காது மட்டும் திரும்பும். அதன்பிறகு அந்தச் சத்தத்துக்கு வேலையில்லை. பொம்மை காட்டுவதானால் நீலமோ மஞ்சளோ நல்லது. நாய்க்கு நன்றாகப் பிரிந்து தெரியும் நிறங்கள் அவை. சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது, எப்போது நிறுத்துவது என்பதை. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதைப் பின்னால் படிய வைப்பது எல்லாம் ‘போதும்’ என்று நாய் சொல்வதுதான். உற்றுப் பார்க்கும் கண்ணை நாய்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். லென்ஸும் அதற்கு ஒரு கண்தான். பிறந்தநாள் என்று சட்டையும் தொப்பியும் மாட்டி, கேக்குக்கு முன்னால் பிடித்து நிறுத்தி எடுக்கிற படங்களில் இந்த அடையாளங்களை நான் நிறையப் பார்க்கிறேன். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டிருந்தால் ‘சிரிக்குது’ என்கிறோம். மே மாதச் சென்னையில் அது பெரும்பாலும் மூச்சிரைப்பு. நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது முக்கியமாக அந்த வழியாகத்தான். அப்போது போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும்.

மணியின் காலத்தை நான் ஏக்கத்தோடு உயர்த்திப் பேச மாட்டேன். வீட்டைக் காத்த உயிருக்கு 12இல் ஒன்றைக்கூட ஒதுக்காத காலம் அது. இன்று மிளகு படத்தின் நடுவில் இருப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழைய படங்களில் மணி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, யாருக்காகவும் நிற்கவில்லை. தாத்தா நாற்காலிக்கு அடியில்தான் அதன் இடம் என்பதை அந்த மூக்கு இன்றும் சொல்கிறது. மிளகை நடுவில் வைத்து, மணியை விட்டது போல அதன் போக்கில் விட்டு எடுப்பதுதான் நான் விரும்புகிற படம்.

இப்போது எங்கள் அடுக்ககத்தில் வயதான நாய்கள் இருக்கும் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். முகம் ஒன்று, பக்கவாட்டில் முழு உடம்பு ஒன்று, காதுக் கிழிசலோ வெள்ளைப் புள்ளியோ தெரிய ஒன்று. கடைசியது நாய் காணாமல்போனால் தேடவும் உதவும். தேர்ந்தெடுத்ததைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு, பின்னால் பெயரும் தேதியும் எழுதித் தருகிறேன். போனதும் வீட்டுக்காரர்களிடம் மூன்று கேள்வி கேட்பேன். இது பகலில் எங்கே படுக்கும்? எந்தச் சத்தத்துக்கு எழுந்துபோகும்? யார் வரும்வரை வாசலில் காத்திருக்கும்? சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் யோசித்துவிட்டு வீட்டில் வேலை செய்யும் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். பதில் கிடைத்த பிறகுதான் போனை வெளியே எடுப்பேன்.