பிட்டைப் பிடி, பெட்டியை விடு

வாத்தியாரே, ஹால் டூட்டிக்கு வந்தாச்சா? பையன் முழுக்கைச் சட்டையா? நீட் ஆச்சே, கத்தரியை எடுங்கள். அந்தப் பெண்ணின் மூக்குத்திக்குள்தான் தேசத்தின் மருத்துவக் கல்வியே ஒளிந்திருக்கிறது, கழற்றச் சொல்லுங்கள். 2017-ல் கண்ணூரில் உள்ளாடைக் கொக்கிக்கு டிடெக்டர் கத்தியதென்று அதையும் கழற்ற வைத்தார்கள். 2019-ல் கர்நாடகத்து ஹாவேரியில் ஒரு கல்லூரி, மாணவர் தலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேர்வு நடத்தியது. வண்டிக் குதிரைக்காவது கண்பட்டையைத் தோலால் செய்து மாட்டுவார்கள்.

அதே 2019-ல் நம்மூர் டிஎன்பிஎஸ்சி குரூப் 4. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் கையில், எழுதிய சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மைப் பேனா. யாரும் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்கவில்லை, துண்டுச்சீட்டும் இல்லை. என்ன ஒழுக்கம்! விடைத்தாள் கட்டு சென்னைக்குப் போகும் வழியில் சரியான விடைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. ரேங்க் பட்டியலின் உச்சியில் இந்த இரண்டு மையத்துக்காரர்களாகக் குவிந்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. ஹாலில் கால் கடுக்க நின்ற கண்காணிப்பாளர் எதைப் பிடித்திருப்பார்? வெள்ளைத் தாளையா?

2024 நீட்டில் இன்னும் சுத்தம். ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், தேர்வு மையமான ஒரு பள்ளியில் வைத்திருந்த ட்ரங்குப் பெட்டியிலிருந்தே வினாத்தாள் திருடப்பட்டது என்றது சிபிஐ. அது கைது செய்தவர்களில் அந்தப் பள்ளியின் முதல்வரும் உண்டு. ஊருக்கே தேர்வு ஒருங்கிணைப்பாளர் அவர்தான்! கொலுசு போட்ட பிள்ளையைத் தடவித் தடவிப் பார்த்த கைகள் எதுவும் அந்தப் பெட்டிப் பக்கம் போகவில்லை. பெட்டிக்கு மானம் இருக்கிறது போலும்.

உங்கள் கதைக்கு வருவோம். பொதுத்தேர்வில் நிஜமாகவே கண்ணைத் திறந்து வைத்திருந்தால் 'சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்' என்று பெயர் வரும். டீ கூட ஆறித்தான் வரும். வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சிக்கு ஃபிளெக்ஸ் கட்டத் துடிக்கும் நிர்வாகம், ஒரு மார்க் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்களேன் என்று காதில் ஓதும். நேர்மையைப் பற்றிக் காலை வழிபாட்டில் பேசிய அதே வாய்.

அதோ, கடைசி பெஞ்சில் ஒருவன் உள்ளங்கையில் சூத்திரம் எழுதி வைத்திருக்கிறான். அமுக்குங்கள். பறக்கும் படையிடம் ஒப்படையுங்கள், போட்டோவும் எடுக்கட்டும். நாளைப் பேப்பரில் அவன் செய்திதான் வரும். விடைத்தாள் வண்டி எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுத் தொலைக்காதீர்கள், அது உங்கள் டூட்டியில் இல்லை.