கட்டி இருந்தால் இருக்கட்டும்

தொட்டியத்தில் என் மைத்துனருக்குக் கொஞ்சம் வாழை இருக்கிறது. காவிரிக்கரையில் தோட்டம் வைத்திருக்கும் உறவு அமைவது பூர்வஜென்ம புண்ணியம் என்று நினைப்பவர்கள், ஒரு பூவன் தாரை வீட்டில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் சில நாள் அது வெறும் அலங்காரம். பிறகு மேல் சீப்பு மஞ்சளாகும். ஆளுக்கு இரண்டு உரித்துத் தின்று ஏப்பம் விடுவதற்குள் அடிச்சீப்பு வரைக்கும் பழுத்து, காம்பு கழன்று, ராத்திரி வேளையில் ஒவ்வொன்றாகத் தொப் தொப்பென்று விழ ஆரம்பித்துவிடும். நூற்றைம்பது பழத்துக்குக் குறையாது. அக்கம்பக்கத்தில் கொடுக்கலாமே என்பீர்கள். திருச்சியில் எங்கள் தெருவில் யாரைத் தொட்டாலும் முசிறியிலோ குளித்தலையிலோ ஒரு மாமா இருக்கிறார். நான் ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குக் கிளம்பினால், எதிர்வீட்டுக்காரர் ஒரு சீப்போடு என் வீட்டுக்குப் படியேறிக்கொண்டிருப்பார்.

இந்தக் கஷ்டம் அமெரிக்கர்களுக்கும் வந்திருக்கிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கறுத்துப்போன பழத்தைக்கூடக் குப்பையில் போட மனம் வராத இல்லத்தரசிகள், அதைப் பிசைந்து மாவில் கலந்து ஓவனில் வைத்தார்கள். பனானா பிரெட் பிரபலமானது அப்போதுதான். அந்த நாட்டுச் சமையல் புத்தகங்களில் அது நிரந்தரமாகக் குடியேறியது. பிறகு 2020 ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து அதைச் செய்தது. போனைத் திறந்தால் பனானா பிரெட்டாகவே வந்து விழுந்தது. நான் அப்போது செய்யவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து எதையும் செய்வதில்லை என்று ஒரு கொள்கை. உண்மைக் காரணம், எங்கள் ஓவனுக்குள் வடாம் இருந்தது.

ஓவன் என் மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. எறும்பு ஏறாது, பல்லி புகாது, கதவு வேறு இறுக்கமாக மூடுகிறது என்று அம்மா அன்றைக்கே அதைக் கூழ்வற்றலுக்கும் ஜவ்வரிசி வடாமுக்கும் ஒதுக்கிவிட்டாள். இத்தனை வருஷத்தில் வீட்டுக்கு வந்த சாமான்களிலேயே உருப்படியானது இதுதான் என்பது அவள் அபிப்பிராயம். இந்தத் தார் பழுத்ததும் பனானா பிரெட் செய்ய அதை நான் காலி செய்தபோது, குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

இந்த வகை ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. பொங்க வேண்டி ராத்திரி முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. ஆப்ப சோடா, அல்லது பேக்கிங் பவுடர், அவ்வளவுதான். பேக்கிங் பவுடருக்குப் பின்னால் ஒரு தாம்பத்தியக் கதை உண்டு. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. மனிதர் முதலில் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். அப்புறம் 1843-இல், ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்ப வைக்கப் பேக்கிங் பவுடரையும் கண்டுபிடித்தார். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்காமல் மனைவியிடம் சொன்னேன்.

"அவர் பொண்டாட்டிக்காகப் பவுடரே கண்டுபிடிச்சிருக்கார். நீங்க எனக்காக அந்தத் தேங்காயையாவது துருவுங்க" என்றாள்.

துருவிக் கொடுத்துவிட்டு வால்நட் வாங்கப் போனேன். காஷ்மீர் சரக்கு. எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள பருப்பு ஆகையால், கடையில் அதிக நாள் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும். ஒன்றை வாயில் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நான் வாயில் போட்டுப் பார்ப்பதைக் கடைக்காரர் முகம் சுளித்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் விலை உயர்ந்த எதற்கும் அம்மாவிடம் பாதி விலைதான் சொல்வது. பாதியைக் கேட்டே, "இந்தக் காசுக்கு நல்ல முழு முந்திரி வாங்கியிருக்கலாமேடா" என்றாள். முழு விலையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு ரொட்டி இல்லை, ஆம்புலன்ஸ்தான்.

வால்நட்டை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் வாசனை எழும். சூட்டோடு ஒரு துணியில் போட்டுத் தேய்த்தால் கசக்கிற மேல்தோல் பாதி உதிர்ந்துவிடும். பிறகு கத்தியால் ஒன்றிரண்டாக நறுக்கிக்கொள்ள வேண்டும். "மிக்சியில ஒரு சுத்து விடட்டுமா?" என்று இரண்டு பக்கமிருந்தும் குரல் வந்தது. வேண்டாம் என்றேன். பல்லில் கடிபட வேண்டும், அதற்குத்தான் அந்த விலை.

அடுத்து பழம். தோல் கறுத்து, கை பட்டால் குழைகிற பதம்தான் இதற்குச் சரி. மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாக மாறியிருக்கும். அமெரிக்கர்கள் போடுவது நம் கடைகளில் தொங்கும் மோரிஸ் பழத்தின் இனம். அதில் இனிப்பு உண்டு, குணம் கிடையாது. பூவனில் லேசான புளிப்பு இருக்கிறது. முட்டைக்குப் பதில் கால் கப் தயிர் விடுகிறேன். இந்த இரண்டு புளிப்பும் சேர்ந்து ஆப்ப சோடாவைப் பிடித்து உலுக்கி, நுரைக்க வைக்கும்.

பழத்தைப் பிசைந்து, முக்கால் கப் நாட்டுச் சர்க்கரை போட்டு, உருக்கிய வெண்ணெய் அரை கப் விட்டு, இரண்டு ஏலக்காயும் தட்டிப் போட்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"ரெண்டு பேரீச்சம்பழம், கொஞ்சம் கற்கண்டு, ஒரு கரண்டி தேன். பஞ்சாமிர்தம் ஆச்சு. அதைப் போய் அடுப்புல வைப்பாங்களாடா?"

நான் வாயடைத்துப் போனேன். பழனியில் இதே மாதிரிப் பழக்கூழை அடுப்பே இல்லாமல், சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைந்து, நாள்பட வைத்துக்கொள்கிற பிரசாதமாக்கி, 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நான் மைதாவோடு நிற்கிறேன். தட்டிக் கழிக்க ஒரே வழி, மாவை உடனே கொட்டிவிடுவதுதான். இரண்டு கப் மைதா, முக்கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் சலித்து வைத்திருந்ததைக் கொட்டினேன்.

உண்மையான சண்டை இங்கேதான் ஆரம்பித்தது.

மைதாவில் க்ளூட்டன் என்று ஒன்று இருக்கிறது. ஈரம் பட்டு, கையும் பட்டால், நூல் நூலாக வலை பின்னும். பரோட்டா மாஸ்டர் மாவை அறைந்து, இழுத்து, வீசி எறிவதெல்லாம் அந்த வலைக்காகத்தான். இந்த ரொட்டிக்கு அதே வலை எமன். கிளறக் கிளற ரொட்டி ரப்பராகும், உள்ளே நீள நீளமாகப் பொந்து விழும். ஆகவே கரண்டியைப் பத்துப் பன்னிரண்டு தடவை மடித்துப் புரட்டிவிட்டு, மாவு ஆங்காங்கே கட்டியாகத் தெரிகிறபோதே கையை எடுத்துவிட வேண்டும்.

கட்டியாக விட்டுவிடு என்று சொல்வதற்கு எங்கள் வீடு ஏற்ற இடமல்ல. என் பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில் கிண்டிய கேழ்வரகுக் களி கட்டி தட்டிப்போனதை இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பந்திக்குப் பந்தி பேசுகிறார்கள். பெரியம்மாவுக்குப் பேத்தியே கல்யாண வயசில் இருக்கிறாள்.

"மாவு கட்டி கட்டியா நிக்குதுடா."

"நிக்கட்டும்மா."

"கரண்டியைக் கொடு, ஒரு நிமிஷத்துல கரைச்சுத் தர்றேன்."

"கரைக்கக் கூடாது. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அந்தப் புஸ்தகம் எழுதினவளுக்கு அவ அம்மா ஒண்ணும் சொல்லித் தரலை போலிருக்கு."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பக்கவாட்டிலிருந்து கவனித்தேன். வலதுகை விரல்கள் மட்டும் பின்னால் காற்றில் தாமாக எதையோ கரைத்துக்கொண்டிருந்தன. ஐம்பது வருஷ இட்லி மாவு அந்த விரல்களில் இருக்கிறது. அது யார் சொன்னாலும் கேட்காது.

அதற்குள் மாவின் மேல் சிறு சிறு குமிழிகள் வந்து உடைய ஆரம்பித்தன. சோடாவும் புளிப்பும் சந்தித்த நிமிஷத்திலிருந்து காற்று கிளம்பிவிடும். நாம் தாமதித்தால் அது பாட்டுக்குப் போய்விடும், ரொட்டி பலகையாகும். வால்நட்டைத் தூவிப் புரட்டினேன். டின்னில் தடவ வெண்ணெயைத் தேடினேன். மனைவி எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தாள். பதற்றம் எனக்குத்தான் என்று நினைத்தால், அம்மா என்னைவிடப் பதறினாள். ஞாயிற்றுக்கிழமை; நாலரைக்கு ராகு காலம்.

"நாலு இருபத்தஞ்சு ஆச்சுடா! சட்டுன்னு உள்ளே வை!"

வேதியியலும் பஞ்சாங்கமும் ஒரே கட்சியில் சேர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாவே டின்னுக்கு நெய் தடவினாள், அம்மாவே ஓவன் கதவைத் திறந்தாள். முன்னாலேயே 180 டிகிரியில் சுட வைத்திருந்த அடுப்புக்குள் டின் போனது. நாலு இருபத்தெட்டு.

ஐம்பது நிமிஷம் கதவைத் திறக்கக் கூடாது என்றேன். நம் சமையலில் மூடி என்பது திறந்து பார்ப்பதற்காக இருப்பது. ஆகவே கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டு அம்மா உட்கார்ந்தாள், சீரியல் பார்க்கிற தோரணையில். அவ்வப்போது நேர்முக வர்ணனை வந்தது. "எழும்புது… எழும்புது… ஐயையோ, நடுவுல வெடிச்சிருச்சு!" அது வெடிக்கத்தான் வேண்டும். மேல்புறம் முதலில் வெந்து இறுகிவிடும். உள்ளே இன்னும் பொங்குகிற மாவு அதைப் பிளந்துகொண்டு வரும். அந்தப் பிளவு இருந்தால்தான் நல்ல ரொட்டி. சொன்னேன். கேட்டுக்கொண்டாள், ஆனாலும் விளக்கேற்றப் போய்விட்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தேன், ஒட்டவில்லை. வீடெல்லாம் வெண்ணெயும் ஏலக்காயும் கருகிய சர்க்கரையுமாக மணந்தது. எதிர்வீட்டுக்காரர் சீப்பு இல்லாமலே வந்துவிட்டார். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், ஆறட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கத்தி இறங்கிவிட்டது. பிசுபிசுவென்றுதான் இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வால்நட் வந்த துண்டுக்குக் குழந்தைகள் அடித்துக்கொண்டார்கள்.

இரவு படுக்கும்போதுதான் கணக்குப் பார்த்தேன். ஒரு ரொட்டிக்கு ஆறு பூவன் பழம். தாரில் பாக்கி நூற்று நாற்பத்துச் சொச்சம்.

மீந்த இரண்டு துண்டை அம்மா மறுநாள் காலை தோசைக்கல்லில் போட்டு, நெய் விட்டு, இரண்டு பக்கமும் முறுகலாகத் திருப்பி எடுத்து, காப்பியோடு சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து கும்பகோணத்துச் சித்தியோடு போனில் பேசும் சத்தம் கேட்டது.

"ஓவன் எதுக்குடி? அதுல வடாமை வெச்சுக்கோ. இட்லிக் குண்டான் போதும். வால்நட்டா? அதெல்லாம் காசுக்குக் கேடு, வேர்க்கடலையை வறுத்துப் போடு. மைதா உடம்புக்கு ஆகாது, கோதுமை மாவு போதும். ஆனா ஒண்ணு, நல்லா கேட்டுக்கோ. மாவு கட்டி கட்டியா இருக்கும். இருந்தா இருக்கட்டும், கரண்டியை உள்ளே விட்டே, அவ்வளவுதான். அது ஒரு சயின்ஸு, உனக்குச் சொன்னாப் புரியாது."

சாயங்காலம் சித்தி வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பியிருந்தாள். குழிப்பணியாரம். நல்ல நிறமாக வந்திருந்தது.