கொசுறு: ஒரு பருவவியல் ஆய்வு

“இன்னைக்கு என்ன குழம்பு?” என்னும் வினாவிற்கு விடை காணும் பொருட்டு அறிஞர் பெருமக்கள் சமையல் நூல்களையும் யூடியூபையும் மாமியாரையும் நாடுவது கண்கூடு. இம்மூன்றும் துணைமைச் சான்றுகளே. முதன்மைச் சான்று தெருமுனைத் தள்ளுவண்டியில் இருக்கிறது. அதில் எது மலிந்து குவிந்து கிடக்கிறதோ அதுவே அன்றைய குழம்பு என்பது இக்கட்டுரையின் துணிபு. இத்துடன் முடித்துக்கொள்ளலாம்தான், ஆனால் நாலு வரிக்கு எந்தப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தருகிறது?

முன்னோர் கருத்து: தொல்காப்பியர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார். அவர் பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனதற்கு அகச்சான்று இல்லை. போயிருந்தால், மல்லித்தழை கொசுறாகக் கிடைக்கும் காலம், கிடைக்காத காலம் என இரண்டோடு நிறுத்தியிருப்பார்.

கீரை: இத்துறையில் ஆய்வு அன்றாடம் வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிறது.

கிழங்கு: தையில் பனங்கிழங்கு வரும். அவித்தால் போதும், கோட்பாடு வேண்டாம்.

கல்வெட்டு: 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையின் விலைப்பலகை. நாள்தோறும் அழித்து எழுதப்படுவதால் காலக்கணிப்பில் சண்டைக்கு இடமில்லை. அதனாலேயே ஆய்வாளர்கள் இதைத் தீண்டுவதில்லை.

இனிக் கொசுறு. ஐப்பசி மழையில் தோட்டத்தில் தண்ணீர் நின்றால் மல்லித்தழை அழுகும். அப்போது பை நிறையக் காய் வாங்கினாலும், “மல்லி விக்கிற வெலையில கொசுறா? நல்லாக் கேட்டீங்க சார்” என்பார் காய்க்காரம்மா (நேர்காணல், தள்ளுவண்டியின் இடப்பக்கம்). பைக்குள் இரண்டு ஈர்க்குக் கறிவேப்பிலை விழும். அன்று வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம். தை பிறந்தால் கதையே வேறு. கேட்காமலே ஒரு கைப்பிடி வந்து விழும். “வச்சுக்கங்க, சாயங்காலம் வாடித்தான போகுது” (மேலது, தராசுத் தட்டு நிலைக்கு வருமுன்). அன்று துவையல். நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் சிவக்க வறுத்து, புளியும் கல்லுப்பும் வைத்து, தழையை மட்டும் பச்சையாகப் போட்டுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தழையையும் வதக்க வேண்டும் என்னும் ஒரு பள்ளி உண்டு. அவர்கள் வாசனையை அடுப்புக்குக் காணிக்கை கொடுத்துவிட்டுத் துவையலில் தேடுபவர்கள்.

தண்டைச் சேர்ப்பதா, கிள்ளி எறிவதா? “தண்டுலதான் வாசமே இருக்கு” (மேலது, வெற்றிலை மென்றவாறு கூறியது, பாடபேதம்: துப்பிவிட்டுக் கூறியது, இவ்விரு பாடங்களையும் ஒப்புநோக்கிய குறிப்பு மளிகைச் சீட்டின் பின்புறம், எண்ணெய்க் கறைக்குக் கீழே). அச்சீட்டு கட்டுரையாளர் வீட்டுப் பெட்டியில் பூட்டப்பட்டுள்ளது. யாருக்கும் காட்டுவதாக இல்லை. சுவடி வைத்திருப்போர் மரபும் அதுதானே.

மிச்சம் மீதி பற்றியும் ஒரு சொல். பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லைத் தூக்கி வந்து எங்கோ உள்ள சொல்லோடு கூட்டிப் பொருள் சொல்வார். கேட்டால் ‘மாட்டு’ என்று இலக்கணம் காட்டுவார். ஃப்ரிட்ஜில் கிடக்கும் அரைப் பீர்க்கங்காய், நாலு அவரைக்காய், பூசணிக் கீற்று மூன்றையும் ஒரே கூட்டில் சேர்க்க இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது. ஆனால் பீர்க்கங்காய்த் தோலைக் குப்பையில் போடாதீர்கள், அதுவும் துவையலுக்கு ஆகும். தோலை எறிபவர்கள் மூலத்தை எறிந்துவிட்டு உரையை மட்டும் வைத்துக்கொள்ளும் கூட்டம். கருத்தரங்க மேடைகளில் அவர்களுக்கே பெரும்பான்மை.

சித்திரையில் முருங்கைக்காயும் மாங்காயும் வண்டியில் அக்கம்பக்கமாகக் கிடக்கும். இரண்டையும் ஒரே சாம்பாரில் போட ஒருவருக்கு யோசனை தோன்றவில்லையென்றால் அவரை ஆய்வுத் துறைக்கு அனுப்பிவிடலாம்.

‘சுண்டைக்காய்’ என்னும் இறுதி இயல், கட்டுரையாளர் வீட்டில் யாரும் அதைச் சாப்பிடாத காரணத்தால் விடப்பட்டது.