திரேஸ்புரத்தில் உறைபனியும் புல்தரைத் தேர்வும்: ஓர் ஆய்வு

வீட்டுப் புல்தரை பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. அவற்றின் தலையாய கவலை ஒன்றுதான்: வெப்பப் பருவப் புல்லை நட்டால் பனிக்காலத்தில் அதன் கதி என்ன? மண்ணின் வெப்பம் 10 பாகை செல்சியஸை நெருங்கினால் புல் உறங்கிப்போய் வைக்கோல் நிறமாகும் என்கிறார்கள். இந்தக் கவலையைத் தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்துக்குப் பொருத்திப் பார்க்க அறிஞர் எவரும் முன்வரவில்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

முதற்கண் பனி. ஐஸ் கம்பெனியிலிருந்து பாராக வந்து, பொடியாகி, மீன்பெட்டிக்குள் போவது ஒரு வகை. படகுத்துறையில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் புல்லின் மீது இதன் விளைவைப் பற்றி வினவியபோது, "புல்லுக்கா ஐஸு? மீனுக்கே பத்தல சார்" என்றார். துறைசார் நிபுணரின் கூற்றாதலால் திருத்தமின்றிப் பதிவு செய்கிறோம். இரண்டாவது வகை, தெற்கே பனிமய மாதா பேராலயத்தில் உள்ளது. ஆகஸ்ட் 5 திருவிழா. ரோமாபுரியில் அந்நாளில் வெண்பனி பொழிந்தது என்பது மரபு. தூத்துக்குடியில் அந்நாளில் பொழிவது வியர்வை.

ஒப்பீட்டுக்கு உதகமண்டலம் போதும். 1848-ல் தொடங்கிய அங்குள்ள தாவரவியல் பூங்காவில் விரிந்திருப்பது கிக்குயூ புல். கென்ய மலைநாட்டு இனம். வெப்பப் பருவப் புல்தான், ஆனாலும் குளிருக்குப் பழகியது. அதுவே ஜனவரி உறைபனியில் கருகுமென்று அஞ்சி, ஊழியர்கள் அதிகாலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். திரேஸ்புரத்திலும் அதிகாலையில் தண்ணீருக்கென நிற்கிறார்கள். கையில் குடம் இருக்கும்.

இனி இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. இக்கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. ஆகவே குளிர்நாட்டுப் புல் பழுத்துக் கிடக்கும் மார்கழியில் இங்குள்ள புல் பச்சை. ஆனி ஆடியில், தண்ணீர் இல்லாமல், அது வைக்கோலாகிறது. அதாவது திரேஸ்புரத்துப் புல்லுக்குப் பனிக்காலம் ஆகஸ்டில் வருகிறது. மாதா திருவிழாவின் தேதி தாவரவியல்படி மிகச் சரி. பேராலயத்தார் இதை ஏற்பார்களா என்பது எம் துறைக்கு வெளியே.

எந்தப் புல்? கடற்கரை மணலில் தானே வளரும் இராவணன் மீசை இயல்பான தேர்வு. ஆனால் அதன்மேல் உட்கார்ந்தவர் மறுமுறை உட்கார மாட்டார். அருகம்புல்லை அமெரிக்கர் பெர்முடா என்று விலைகொடுத்து வாங்குகிறார்கள். தெருவோரத்தில் சும்மா கிடைப்பதை முற்றத்தில் வளர்த்தால் மதிப்பு வராது. மீதமிருப்பது மணிலாப் புல். கடலோர மண்ணுக்குரியது, உள்ளே ஏறிய உப்பை இலையின் நுண்சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். உப்பளம் சூழ்ந்த ஊருக்கு மேலும் உப்பு தேவையா என்பது தனி ஆய்வு. பனிமய மாதாவின் சுரூபமும் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்ததாகவே சொல்கிறார்கள். எனவே முன்னுதாரணமும் உண்டு.

இடப்பிரச்சினை எஞ்சுகிறது. வலையும் கருவாடும் காய்ந்ததுபோக, முற்றத்தில் மிச்சமிருப்பது ஒரு வெள்ளாடு படுக்கும் அளவு. அதில் வெள்ளாடு படுத்திருக்கிறது. மணிலாப் புல் மெதுவாக வளரும். வெள்ளாடு மெதுவாக மேயாது. இவ்விரு வேகங்களுக்குமான சமன்பாடு தீரும்வரை யாரும் நர்சரியில் முன்பணம் கட்ட வேண்டாம் எனப் பரிந்துரைக்கிறோம்.